யாரு தாயி ஒத்துக்கிட மாட்டேங்காக?

எட்டயபுரத்தில் ஒரு கணினி மையத்து வரிசையில் நின்றபோது காதில் விழுந்த ஒரு கேள்வி, மாதங்கள் கடந்தும் என்னை விட்டுப் போகவில்லை. ஐப்பசி மழை வெறித்திருந்த காலை அது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் காலில் கரிசல் சகதி கணுக்கால்வரை அப்பிக் காய்ந்து, அவர் எட்டு வைக்கும்போதெல்லாம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. காட்டிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். வேட்டி மடியிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தார்; அதற்குள் இன்னொரு பை; அதற்குள் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா நகல். மூன்றையும் துடைத்து மேசைமேல் வைத்தார். கணினிக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு அவருடைய பேத்தி வயதிருக்கும். பொறுமையாக இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள். பெரியவர் கோபப்படவில்லை. மேசைமேல் கையூன்றிக் குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்: "யாரு தாயி ஒத்துக்கிட மாட்டேங்காக?" மாட்டேங்காக. அந்த மரியாதைப் பன்மையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடித் திரைக்குப் பின்னால் எங்கோ ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டுகிறார், அவர் பெயர் தெரிந்தால் போய்ப் பார்த்துப் பேசிவிடலாம் என்று அவர் நம்பினார். அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. எனக்குப் பதில் ஓரளவு தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

திரைக்குப் பின்னால் ஒருவர் இல்லை. ஒன்றுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. அந்தப் பெண் தட்டிய விவரங்களை வாங்கிக்கொண்ட மென்பொருளுக்குப் பெரியவரின் ஆதாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது ஆதார் விவரங்களை வைத்திருக்கும் வேறொரு மென்பொருளிடம் போய்க் கேட்கிறது. வங்கிக் கணக்கைப் பற்றி வங்கியின் மென்பொருளிடம் கேட்கிறது. நிலத்தைப் பற்றி நிலப் பதிவேட்டைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று நுழைய முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்து ஒரு சன்னல் உண்டு. அந்தச் சன்னலில் நின்று, அந்த வீட்டுக்காரர் கேட்கச் சொன்ன மாதிரி கேட்டால், சொல்ல ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்வார். மென்பொருள்காரர்கள் இந்தச் சன்னலை ஏபிஐ என்கிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு மிரட்டலாக இருக்கும் இந்தச் சொல்லைத் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக்கொடுப்பவர் சுலபமாகப் புரிந்துகொள்வார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று மேலே வரிசையாக எழுதி, அதற்குக் கீழே விஷயத்தை எழுதினால்தான் உள்ளே வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு அனுப்பும் கோரிக்கையும் ஏறக்குறைய இதே உருவம்தான். யார் கேட்கிறார்கள், கேட்பதற்கு அனுமதிச் சாவி உண்டா, எந்த வடிவில் பதில் வேண்டும் என்பதெல்லாம் தலைப்பில். கேட்கும் விஷயம் உடலில். மனு எழுதுபவருக்கு ஆபீஸுக்குள் எந்த பீரோவில் எந்தக் கட்டு இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. சன்னலின் சட்டம் தெரிந்தால் போதும். உள்ளே பீரோவை மாற்றலாம், குமாஸ்தாவை மாற்றலாம், கட்டடத்தையே மாற்றலாம். சன்னலின் சட்டம் மாறாதவரை வெளியே நிற்பவனுக்கு ஒரு குறையும் இல்லை. மென்பொருள் உலகம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த ஓர் ஏற்பாடு பெரிய காரணம்.

ஆனாலும் சன்னல் என்ற உவமை எனக்குப் போதவில்லை. அதில் பேச்சு இருக்கிறது, உடன்பாடு இல்லை. உடன்பாடு எப்படியிருக்கும் என்பதைச் சின்ன வயதில் துண்டுக்கடியில் பார்த்திருக்கிறேன். எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியுமுன்பே சரக்கு வண்டிகள் வந்து நிற்கும்; ஆட்டு மூத்திர வாடையும் புழுக்கையும் டீக்கடைப் புகையும் கலந்த ஒரு மணம், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதுவே கடிகாரம். தெற்கத்திச் சந்தைகளில் பழைய தரகர்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போடுவார். துண்டுக்கடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். பிறகு ஒரு தலையசைப்பு, அல்லது கையை உதறி எடுத்துக்கொள்வது. யோசித்துப் பார்த்தால், இரண்டு மென்பொருள்கள் பேசுவதற்கு வேண்டிய எல்லாமே அந்தத் துண்டுக்கடியில் இருக்கிறது. முன்கூட்டியே ஒத்துக்கொண்ட குறிகள் இருக்கின்றன. முதலில் கேள்வி, பிறகு பதில் என்ற முறை இருக்கிறது. அடுத்தவர் கண்ணுக்குப் படாத மறைப்பு இருக்கிறது. இன்று வங்கிச் செயலிகள் செய்தியை மறையெழுத்தாக்கி அனுப்புவதும் துண்டு போடுவதுதான். ஒரே ஒரு வித்தியாசம். ஒரு விரலைப் பிடித்தால் அது நூறா, ஆயிரமா, பத்தாயிரமா? அதைத் துண்டு சொல்லாது. குட்டியா, கிடாயா என்று பக்கத்தில் நிற்கும் ஆட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டதைச் சூழல் சொல்லிக்கொடுத்தது. இயந்திரத்துக்கு ஆட்டைப் பார்க்கத் தெரியாது. அதனால் அதற்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இது ரூபாய், இது இத்தனை இலக்கம், இது தேதி, தேதியில் நாள் முதலில் வரும், மாதம் பிறகு வரும். சொல்லாமல் விட்டது எதுவும் அதற்குக் கிடையாது. பெரியவரின் காலில் காய்ந்திருந்த கரிசலை அந்தப் பெண் பார்த்தாள், நான் பார்த்தேன். அவர் விவசாயி என்பதற்கு எங்கள் இருவருக்கும் வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மென்பொருளுக்கோ கண்ணே கிடையாது.

இப்போது சந்தைக்கு வெளியே டீக்கடையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. யாராவது கைபேசியை நீட்டி, அட்டையில் அச்சிட்ட கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால், சற்று நேரத்தில் பெட்டி தமிழில் ரூபாயைச் சொல்லும். கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டபடியே தலையாட்டுவார். அந்தச் சில விநாடிகளுக்குள் நடப்பதை ஒரு தடவை மனத்துக்குள் நடத்திப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியின் குரலைச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. அட்டையில் இருக்கும் கட்டத்தில் பணம் இல்லை. கடைக்காரரின் முகவரி மட்டும் இருக்கிறது. கைபேசிச் செயலி அந்த முகவரியையும் தொகையையும் எடுத்துத் தனக்குப் பின்னாலிருக்கும் வங்கியிடம் கொடுக்கிறது. அந்த வங்கி என்பிசிஐ என்ற நடுக்காரரிடம் கொடுக்கிறது. இந்த நிறுவனம் 2008இல் தொடங்கப்பட்டது; யூபிஐ என்ற இந்தப் பொது ஏற்பாட்டை அது 2016இல் கொண்டுவந்தது. நடுக்காரர் முதலில், இந்த முகவரிக்காரர் யார் என்று விசாரிக்கிறார். பிறகு டீ குடித்தவரின் வங்கியிடம், இவ்வளவு ரூபாய் எடுங்கள் என்கிறார். எடுத்தாயிற்று என்ற பதில் வந்த பிறகே கடைக்காரரின் வங்கியிடம், இவ்வளவு சேருங்கள் என்கிறார். சேர்த்தாயிற்று என்ற பதில் வந்த பிறகு இரு பக்கத்துக்கும் தகவல் போகிறது. பெட்டி வாயைத் திறக்கிறது. நாம் தட்டும் ரகசிய எண்ணைக்கூடக் கைபேசிச் செயலி பார்ப்பதில்லை. அந்த எண்ணைத் தட்டும் பக்கம் நடுக்காரர் தந்தது, எண் அங்கேயே பூட்டப்பட்டு வங்கியில்தான் திறக்கப்படுகிறது. இத்தனை பேரில் ஒருவருக்கும் மற்றவரின் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. போட்டிக்காரர்களான வங்கிகள், போட்டிக்காரர்களான செயலிகள். ஒருவரையொருவர் நம்ப வேண்டிய அவசியமில்லாமல், ஒத்துக்கொண்ட குறிகளை மட்டும் நம்பி, ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் கணக்குத் தீர்க்கிறார்கள். அந்நியர்கள் சேர்ந்து வேலை செய்ய மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் இதை மிக நேர்த்தியான ஒன்றாகவே நினைக்கிறேன்.

ஆனால் பெட்டி பேசாத நேரம் ஒன்று உண்டு. கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் போய்விட்டது என்று குறுஞ்செய்தி வரும். பெட்டி வாயைத் திறக்காது. கடைக்காரர் நம்மைப் பார்ப்பார், நாம் கைபேசியைப் பார்ப்போம். இந்த நேரத்தில் தவறு செய்தவர் யாருமே இல்லாமலும் இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. கேள்விக்கு ஆம் என்று பதில் வரலாம், இல்லை என்று வரலாம், பதிலே வராமலும் போகலாம். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். கேள்வி போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்து வேலை நடந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்று கேட்டவருக்குத் தெரிய வழியில்லை. கணினியியலர்கள் 1970களிலேயே இதை இரண்டு தளபதிகளின் கதையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மலையில் இரண்டு படை, நடுப்பள்ளத்தில் எதிரி. நாளை விடியலில் சேர்ந்து தாக்கலாம் என்று ஒருவர் ஆள் அனுப்புகிறார். ஆள் போய்ச் சேர்ந்தானா? சேர்ந்தான் என்று சொல்ல மறு ஆள் வர வேண்டும். அவன் வந்து சேர்ந்தான் என்பதை மற்றத் தளபதி அறிய இன்னோர் ஆள் போக வேண்டும். எத்தனை ஆள் அனுப்பினாலும் கடைசி ஆளைப் பற்றிய சந்தேகம் தீராது என்று கணக்காகவே நிறுவிவிட்டார்கள். நம்பமுடியாத வழியில் பேசும் இருவருக்கு முழு உறுதி என்பது கிடையாது. இது எந்தப் பொறியாளரின் சோம்பலும் இல்லை, பேச்சின் இயல்பு. அதனால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதே கேள்வியை மறுபடி கேட்டாலும், இது பழைய எண், ஏற்கனவே எடுத்துவிட்டேன் என்று வங்கி சொல்லும். இரண்டு தடவை பணம் போகாது. மௌனம் நீண்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி எழுதினார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் ஒருவர் கணக்கில் கழிந்த பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். கடைக்காரருக்கு உறுதி வராத பணமானால் ஐந்து நாளைக்குள். அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. பணத்தின் மௌனத்துக்கு நாள் குறித்தார்கள், விலையும் குறித்தார்கள். ஒரு மனிதரின் பெயர் மறுக்கப்படும்போது அதே தெளிவோடு, இத்தனை நாளில் காரணம் சொல்லப்படும் என்று எழுதி ஒட்டிய ஒரு பலகையை நான் நின்ற வரிசைகளில் பார்த்ததில்லை.

பெரியவரின் சிக்கல் மௌனம் இல்லை, மறுப்பு. காரணத்தை அந்தப் பெண் பிறகு கண்டுபிடித்தாள். அவர் பெயரில் வரும் சாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தாளில் கடைசி எழுத்து ஒய், இன்னொரு தாளில் ஐ. கரிசல் காட்டில் வீட்டுக்கு ஒரு சாமி இருப்பார்: முனியசாமி, மாடசாமி, கருப்பசாமி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் ஒருவிதமாக எழுதினார், ரேஷன் அட்டைக்கு வந்தவர் வேறுவிதமாக எழுதினார், வங்கியில் இருந்தவர் இன்னொரு விதமாக. பெயருக்குச் சொந்தக்காரருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அவர் பெயரை மற்றவர்கள்தான் எழுதி வந்திருக்கிறார்கள். இனி அந்தப் பிழைக்கு அவர் வரிசையில் நிற்க வேண்டும். ஆங்கிலத்தை விடுங்கள், தமிழிலேயே எழுதினால் தீருமா என்று யோசித்தால் அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. கோவில்பட்டி என்று எழுதுகிறோம். முதலெழுத்து கோ. கணினிக்கு எழுத்தென்பது எண்தான். யூனிகோடு முறையில் கோ என்பதை இரண்டு எண்களால் எழுதலாம்: ககரம், ஓகாரக் குறி. மூன்று எண்களாலும் எழுதலாம்: ககரம், முன்னால் நிற்கும் ஏகாரக் கொம்பு, பின்னால் நிற்கும் கால். திரையில் இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடு விதி, இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளை எழுதியவர் அந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டுவிட்டால், ஒரு கோவில்பட்டியும் இன்னொரு கோவில்பட்டியும் வேறு வேறு ஊர்களாகிவிடும். யூனிகோடு முறையில் இல்லாத பழைய வானவில் எழுத்துருவில் தட்டி வைத்த கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் குழம்பிய குறிகளாக வந்து நிற்பதைத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் பார்க்காதவர் குறைவு. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்புக்கு முந்தைய தாள்களில்தானே பாதிப் பேரின் வாழ்க்கை கிடக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆதாரைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மென்பொருள் கேட்டால், அடிப்படையான அந்தச் சரிபார்ப்புக்கு வரும் பதில் ஆம் அல்லது இல்லை. ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டால் நல்ல காரணம் இருக்கிறது. கேட்டவருக்கெல்லாம் ஒருவரின் விவரத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த எண்ணும் இந்தப் பெயரும் பொருந்துகிறதா என்றால், பொருந்துகிறது, பொருந்தவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வது அந்த ஆளைக் காப்பாற்றும் ஏற்பாடு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாங்கள் வளர்ந்த பேச்சில் ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே ஒரு பெரிய கரிசல் காடே விரிந்து கிடக்கிறது. ஆகட்டும் என்றால் ஒன்று. பார்ப்பம் என்றால் வேறு. இருக்கட்டும் என்பது மறுப்பாகவும் இருக்கும், ஏற்பாகவும் இருக்கும். சொல்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இடைசெவலில் இருந்து எழுதிய கி. ராஜநாராயணன் இந்தக் கரிசல் பேச்சுக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தார். ஒரு வட்டாரத்தின் பேச்சை அடுத்த வட்டாரத்தான் பிழையில்லாமல் கேட்பதற்கு அப்படி ஓர் உழைப்பு வேண்டியிருந்தது. பெண் கேட்டுப் போன வீட்டில், கலந்துக்கிட்டுச் சொல்றோம் என்றால் அது எந்தப் பதில் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் மனமும் நோகாமல் மறுப்பதற்கு ஒரு மொழியே உண்டாக்கி வைத்திருந்தோம். அந்த மொழியில் வாழ்ந்து எழுபது வயதான ஒருவரிடம், ஓர் எழுத்துக்காக, இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்புவது எத்தகைய அடி என்பதைச் சன்னல் கட்டியவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் பெரியவர் நிற்கவில்லை, அவ்வளவே.

இணையத்தின் ஆரம்ப நெறிமுறைகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980இல் ஒரு கொள்கையை எழுதிவைத்தார். அதன் சாரம்: நீ சொல்லும்போது கறாராக இரு, அடுத்தவன் சொல்வதைக் கேட்கும்போது தாராளமாக இரு. நீ அனுப்புவது விதிப்படி பிசகாமல் இருக்கட்டும். உனக்கு வருவதில் சின்னப் பிசகு இருந்தால், பொருள் புரிகிறதென்றால், ஏற்றுக்கொள். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கணினிகளுக்காக எழுதப்பட்ட இந்த விதி, பழைய பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் பேசியதுபோல இருக்கிறது எனக்கு. இதைப் படித்ததும் பெரியவருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒய்யும் ஐயும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் போயிற்று. ஆனால் அன்று ராத்திரியே அந்தச் சந்தோஷத்தில் கீறல் விழுந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் நாடு இது. குலசாமி பெயரைத்தானே வைக்கிறோம். தாராளமாகப் பொருத்தினால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகும். ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறும். ஓர் எழுத்தை மாற்றி அடுத்தவன் காட்டை எழுதி வாங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்; அந்தக் கறார்தான் அந்தப் பெரியவரின் நிலத்தையும் காத்து நிற்கிறது. இணையப் பொறியாளர்களும் போஸ்டலின் கொள்கையை அண்மையில் மறுபரிசீலனை செய்திருக்கிறார்கள். பிசகைப் பொறுத்துப் பொறுத்துப் போனால் பிசகே வழக்கமாகிவிடும், பிறகு எது விதி என்று யாருக்கும் தெரியாமல் போகும், அந்த இடுக்கில் திருடன் நுழைவான் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. தாராளம் வேண்டும் என்று நினைக்கும்போது திருடன் நினைவுக்கு வருகிறான். கறார் வேண்டும் என்று நினைக்கும்போது காய்ந்த கரிசல் ஒட்டிய அந்தக் கால்கள்.

இந்தத் தடுமாற்றத்தோடு ஒரு நாள் எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். 1835இல் அவர் இந்த ஊரில்தான் காலமானார். அவருடைய தம்பி பாலுசுவாமி இந்தச் சமஸ்தானத்தின் வித்வான்; வேறொரு தேசத்தில் வேறொரு இசைக்காகச் செய்த வயலினைச் சென்னையில் கற்று, நம்முடைய சங்கீதத்துக்கு இசைய வைத்தவர் என்று கொண்டாடப்படுபவர். அந்த வீட்டில் வளர்ந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் இதே எட்டயபுரத்து அச்சுக்கூடத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டார். அது வாய்ப்பாட்டாக வாழ்ந்த கீர்த்தனைகளைத் தாளில் ஸ்வரப்படுத்திய பெரும் நூல். மேல்நாட்டு இசைக்குறி முறை அறிந்த சின்னசாமி முதலியாரின் வற்புறுத்தல் அதற்குப் பின்னால் இருந்தது. ச ரி க ம என்று எழுதினால் மட்டும் கீர்த்தனை வந்துவிடாது என்று சுப்பராம தீட்சிதருக்குத் தெரியும். ஸ்வரம் நிற்கும் இடத்தைவிட, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைந்து போகும் கமகத்தில்தான் ராகம் இருக்கிறது. அதனால் அவர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வைத்தார். ஒவ்வொரு குறியும் எதைக் குறிக்கிறது என்று முன்னாலேயே விளக்கினார். இரண்டு உலகங்களுக்கு நடுவே சன்னல் வைப்பவன் செய்ய வேண்டியது இதுதான் என்று எனக்கு அங்கே தோன்றியது. எது குறியில் அடங்காமல் நழுவும் என்று முதலில் தெரிந்துகொள்வது, நழுவுவதற்கும் ஒரு குறி வைக்க முயல்வது, வைத்த குறியின் பொருளைப் படிக்க வருபவனுக்கு மறைக்காமல் சொல்வது. கறாருக்கும் தாராளத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதற்கு விளக்கம் என்று பெயர்.

அப்படிப் பார்த்தால் அந்தப் பெரியவரின் கேள்விக்கான பதில் இயந்திரத்துக்குள்ளேயே இருந்திருக்கலாம். இணைய வழியில் பேசும் மென்பொருள்கள் ஒவ்வொரு பதிலின் தலையிலும் மூன்று இலக்க எண் ஒன்றை வைத்து அனுப்புகின்றன. 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் நீ கேட்டது இங்கே இல்லை. இதை நாம் எல்லோருமே திரையில் பார்த்திருக்கிறோம். 403 என்றால் உனக்கு அனுமதியில்லை. 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது. 504 என்றால் நான் வேறொருவரிடம் கேட்டேன், அவர் நேரத்துக்குப் பதில் தரவில்லை. இதில் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். நான்கில் தொடங்கினால், கேட்டவர் பக்கம் ஏதோ சரியில்லை என்று பொருள். ஐந்தில் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டியவர் பக்கம் சரியில்லை என்று பொருள். பெயர் பொருந்தவில்லை என்பதுபோன்ற காரணங்கள் அதற்குக் கீழே பதிலின் உடலில் வரும். யார் பக்கம் பிசகு என்று சொல்லாமல் மறுக்கக் கூடாது என்பதை இந்த நெறிமுறையை வகுத்தவர்கள் முதல் இலக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இயந்திரங்கள் தங்களுக்குள் அந்த நாகரிகத்தோடு பேசிக்கொள்ளக் கற்றிருக்கின்றன. யாரு ஒத்துக்கிட மாட்டேங்காக என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதில் எத்தனையோ ஊர் கடந்து எட்டயபுரம்வரை வந்து, திரையிலிருந்து பெரியவரின் காதுக்கு வரவேண்டிய கடைசி இரண்டு முழத்தில் தொலைந்துவிடுகிறது. திரையை வடிவமைத்தவர் எண்ணையும் காரணத்தையும் விழுங்கிவிட்டு ஒரு சிவப்புக் கட்டத்தை மட்டும் வைத்தார். சிவப்புக் கட்டத்தைப் பார்த்த பெண், சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளிடமே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தாளில் எந்த எழுத்து என்று அவள் தானாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க அன்று அரைமணி நேரம் ஆயிற்று. பொருந்தாதது பெயர்தான் என்பதாவது இயந்திரத்துக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

அதனால் இதை இரண்டு பேரிடம் சொல்லி முடிக்க விரும்புகிறேன். மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, இந்தக் கரிசல் ஊர்களிலிருந்து படித்துப்போய் சென்னையிலும் பெங்களூரிலும் இந்தச் சன்னல்களைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். உங்கள் மென்பொருள் மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கட்டும். ஆனால் எது பொருந்தவில்லை, யார் பக்கம் திருத்த வேண்டும், எங்கே போக வேண்டும் என்ற மூன்றையும் தமிழில், உங்கள் தாத்தாவுக்குப் புரிகிற மாதிரி, அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் எழுதுங்கள். அது ஒரு நாள் வேலைகூட இல்லை. வரிசையில் நிற்பவர்களே, சிஸ்டம் ஒத்துக்கலை என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்த விவரம் பொருந்தவில்லை, எந்தப் பதிவில் என்று கேளுங்கள். பணம் நின்றுபோனால் செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் அந்த எண்ணைச் சொன்னால் அது நின்ற இடத்தைத் தேடிப் பார்க்க முடியும். கேட்பதற்கு உங்களுக்கு ஆங்கிலமும் வேண்டாம், கணினியும் தெரிய வேண்டாம். சகதிக் காலோடு மேசைமேல் கையூன்றிக் குனிந்து அந்தப் பெரியவர் கேட்டாரே, அது சரியான கேள்வி. அதையே கேளுங்கள்.